குருமனைச் சாவி யார் கையில்? ஐயரம்மாக்களுக்காகக் கட்டின வீடுகளின் கதை

(எபிசோடில் பேசியதன் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இந்த வாரம் குத்தம்பாக்கத்துல உக்காந்து பேசறோம். பூந்தமல்லி, திருமழிசை தாண்டி பெங்களூரு ஹைவேல போனா வர்ற ஊர். புது பேருந்து முனையத்தால இப்ப எல்லாருக்கும் பேர் தெரிஞ்ச ஊர். ஏன் இந்த ஊர்லேர்ந்துங்கறது எபிசோடோட பின்பாதியில புரியும்.

இன்னைக்கு தலைப்பு வீடு. குறிப்பா, ஒரு ஆண் இறந்த மறுநாள் அந்த வீடு யாரோடது?

'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' நிறைய பேர் பாத்திருப்பீங்க. 2000-ல் வந்த ராஜீவ் மேனன் படம். பாட்டெல்லாம் மனப்பாடமா இருக்கும். கதையைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. செட்டிநாட்டுல பெரிய வீடு. தாத்தா இறந்துடறார். உயில்ல சொத்து மகனுக்குன்னு இருக்கு. இத்தனை வருஷம் அவரைப் பாத்துக்கிட்ட மகளும் பேத்திகளும் பெட்டியைக் கட்டிக்கிட்டு மெட்ராஸ் வர்றாங்க. அந்தக் கதையோட மூலம் ஜேன் ஆஸ்டின் 1811-ல் வெளியிட்ட 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' நாவல். அந்த நாவலும் இப்படித்தான் ஆரம்பிக்குது. குடும்பத் தலைவர் இறக்கிறார், மனைவியும் மகள்களும் வீட்டை விட்டுக் கிளம்பறாங்க.

இதை எழுதின ஆஸ்டின் ஒரு பாதிரியாரோட பொண்ணு. வீடு போறதுன்னா என்னன்னு அவங்க குடும்பத்துக்கே தெரியும்.

ஒரு பாதிரியார் வீட்டுக் கணக்கு

ஜேனோட அப்பா ஜார்ஜ் ஆஸ்டின், ஸ்டீவன்டன்ங்கற கிராமத்துல பாதிரியார். இங்கிலாந்து திருச்சபைல பாதிரியார்கள் கல்யாணம் பண்ணிக்கலாம். நம்ம ஊர் சி.எஸ்.ஐ. சர்ச் மாதிரி. தெற்கே போனா போதகரை 'ஐயர்'னும் அவர் மனைவியை 'ஐயரம்மா'ன்னும் சொல்வாங்க. அவங்க இருக்கிற சர்ச் வீட்டுக்குப் பேர் குருமனை. இந்த எபிசோட் முழுக்க இந்த ரெண்டு சொல்லையும் வெச்சுக்கலாம்.

1801-ல் ஜார்ஜ் ஆஸ்டின் ஸ்டீவன்டன் குருமனையைத் தன் மூத்த மகன் ஜேம்ஸ் கையில் விட்டுட்டு, மனைவியோடவும் ரெண்டு மகள்களோடவும் பாத் நகரத்துக்குப் போறார். ஜேம்ஸும் பாதிரியார். 1805 ஜனவரியில் ஜார்ஜ் இறந்துபோறார். அவரோட சர்ச் வருமானம் அன்னையோட நின்னுபோச்சு. மனைவிக்குன்னு சர்ச் தர்ற பென்ஷன் எதுவும் கிடையாது. மகன்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டாங்க. அடுத்த நாலு வருஷம் அம்மாவும் பொண்ணுங்களும் வாடகை வீடு, சொந்தக்காரங்க வீடுன்னு மாறிக்கிட்டே இருந்தாங்க. 1809-ல் எட்வர்டுங்கற மகன் சாட்டன் கிராமத்துல ஒரு வீட்டைக் கொடுத்தார். எட்வர்டைப் பணக்கார உறவினர் ஒருத்தர் தத்தெடுத்திருந்ததால அவர்கிட்ட சொத்து இருந்தது. ஜேன் ஆஸ்டின் உயிரோட இருந்தப்ப வெளியான நாலு நாவலும் அந்த சாட்டன் வீட்டுக்கு வந்த பிறகுதான் வெளியாச்சு.

ஆஸ்டின் குடும்பத்துக்கு ஒரு எட்வர்ட் இருந்தார். எட்வர்ட் இல்லாத ஐயரம்மாக்கள் என்ன பண்ணாங்க? அவங்களுக்காக இங்கிலாந்துல கட்டின வீடுகளைத்தான் இப்ப பாக்கப்போறோம்.

குவார்ட்டர்ஸ் மாதிரி ஒரு வீடு

ஆவடில வளர்ந்தவங்களுக்கு இது சட்டுனு புரியும். ஹெச்.வி.எஃப். குவார்ட்டர்ஸ், ஐ.சி.எஃப். குவார்ட்டர்ஸ், ரயில்வே குவார்ட்டர்ஸ். வாசல்ல நட்ட வேப்பமரம் உங்களோடது, ஆனா வீடு வேலையோடது. வேலைல இருக்கிறவர் இறந்துட்டா குறிப்பிட்ட காலம் வரைக்கும் இருக்கலாம், அப்புறம் சாவியைக் கொடுத்துடணும்.

குருமனையும் அதே மாதிரிதான். அது பாதிரியாரோட பதவிக்கு ஒட்டின வீடு. அவர் போனா அடுத்த பாதிரியார் குடும்பத்தோட வருவார். 1838-ல் வந்த ஒரு சட்டம், இறந்த பாதிரியாரோட மனைவி அதிகபட்சம் ரெண்டு மாசம் அந்த வீட்டில் இருக்கலாம்னு சொன்னது.

இன்னொரு வழக்கம் இதைவிடக் கொடுமை. புதுசா வர்ற பாதிரியார் வீட்டைச் சுத்திப் பாத்து, கூரை ஒழுகுது, சுவர் விரிஞ்சிருக்கு, கொட்டகை சாஞ்சிருக்குன்னு ரிப்பேர் செலவைக் கணக்குப் போடலாம். அந்தப் பணத்தை முந்தைய பாதிரியார் விட்டுப்போன சொத்திலிருந்து வசூலிக்கலாம். அதாவது, வீட்டை இழந்த ஐயரம்மா, அந்த வீட்டை ரிப்பேர் பண்ணவும் காசு கொடுக்கணும். நம்ம ஊர்ல வீட்டு ஓனர் அட்வான்ஸ்ல பெயின்டிங் காசு பிடிக்கிறதுக்கே சண்டை போடறோம். இவங்களுக்குத் திரும்பி வர்றதுக்கு அட்வான்ஸே கிடையாது.

பாதிரியார்னா வசதின்னு ஒரு எண்ணம் இருக்கு. பெரிய திருச்சபைப் பதவிகள்ல நல்ல வருமானம் இருந்தது உண்மைதான். ஆனா 'க்யூரட்'னு சொல்ற உதவிப் பாதிரியார்கள் சொற்ப சம்பளத்துல பெரிய குடும்பத்தை ஓட்டினாங்க. சேமிக்க வழியே இல்லை. மனைவி வெளியில வேலைக்குப் போறது கௌரவக் குறைச்சல். நேத்து வரைக்கும் ஊர் ஏழைகளுக்குக் கஞ்சி ஊத்தினவங்க, இன்னைக்கு யார்கிட்டயும் கை நீட்ட முடியாம நிக்கிறாங்க. 1834-க்கு அப்புறம் இங்கிலாந்தில் ஏழைகளுக்கு அரசு காட்டின வழி பெரும்பாலும் 'வொர்க்ஹவுஸ்'. உள்ளே போனா சீருடை, கடும் வேலை, குடும்பம் தனித்தனியாப் பிரிஞ்சு இருக்கணும். ஒரு ஐயரம்மா அங்க போறதைவிடப் பட்டினி கிடக்கலாம்னு நினைப்பாங்க.

பிஷப் வார்னர் உயில்

இந்தப் பிரச்சனை பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுசா முளைக்கல. 1666-ல் இறந்த ராச்செஸ்டர் பிஷப் ஜான் வார்னர் தன்னோட உயில்ல பணம் ஒதுக்கி, ஏழைப் பாதிரியார்களோட மனைவிகள் 20 பேருக்கு வீடு கட்டச் சொன்னார். லண்டனுக்குத் தெற்கே பிராம்லியில் கட்டினாங்க. பேர் பிராம்லி காலேஜ். காலேஜ்னதும் படிப்புன்னு நினைச்சுடாதீங்க. சேர்ந்து வாழற இடம்ங்கற அர்த்தத்துல வெச்ச பேர். நடுவுல முற்றம், சுத்தித் தூண் வெச்ச தாழ்வாரம், அதுல வரிசையா வீடுகள், ஒரு சின்ன சேப்பல். நம்ம ஊர் பழைய ஸ்டோர் வீடுகளைக் கொஞ்சம் அழகாக் கட்டினா எப்படி இருக்கும், அப்படி. ஒவ்வொருத்தருக்கும் வீட்டோட வருஷத்துக்கு 20 பவுண்டு உதவித்தொகை. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இன்னொரு முற்றம் சேர்த்து 40 வீடாச்சு.

இது மட்டும் இல்லை. வின்செஸ்டரில் பிஷப் மார்லி 1672-ல் ஒண்ணு கட்டினார். சாலிஸ்பரியில் பிஷப் சேத் வார்ட் 1682-ல் 'காலேஜ் ஆஃப் மேட்ரன்ஸ்' கட்டினார். எல்லாமே பாதிரியார் மனைவிகளுக்கு. பணமா உதவி பண்ற சங்கங்களும் வந்தன. 1655-ல் தொடங்கி 1678-ல் அரச சாசனம் வாங்கின 'சன்ஸ் ஆஃப் தி கிளர்ஜி' அதுல பழசு. 1849-ல் 'ஃப்ரெண்ட் ஆஃப் தி கிளர்ஜி' வந்தது.

கேக்க நல்லா இருக்கு. ஆனா ரெண்டு விஷயத்தைக் கவனிங்க.

முதல்ல, உள்ள யார் வரலாம்? வார்னர் பிஷப் நிபந்தனை வெச்சிருந்தார். கணவர் திருச்சபைக் கொள்கையில பிசகாதவரா, அரசருக்கு விசுவாசமானவரா இருந்திருக்கணும். அந்த ஊர்ல அப்பத்தான் உள்நாட்டுப் போர் முடிஞ்சு மன்னராட்சி திரும்பியிருந்தது. அதனால கணவரோட அரசியல் சரியா இருந்தாத்தான் மனைவிக்குக் கூரை. அவர் செத்த பிறகும் அவர் யாருங்கறதுதான் அவங்களுக்கு அடையாள அட்டை.

ரெண்டாவது, அந்த அம்மாவோட இருந்த மகள் என்ன ஆவாள்? நிறைய ஐயரம்மாக்கள் கல்யாணம் ஆகாத மகளோட பிராம்லிக்கு வந்தாங்க. மகள் 20, 30 வருஷம் அம்மாவைப் பாத்துப்பாள். அம்மா இறந்ததும் வீடு அடுத்த ஐயரம்மாவுக்கு. மகள் வெளியே போகணும். அம்மாவுக்கு குருமனையில் நடந்தது, மகளுக்கு தர்ம வீட்டில் நடக்குது.

இதைக் கண்ணால பாத்து ஏதாவது செய்யணும்னு நினைச்சவர் சோஃபியா ஷெப்பர்ட். அவரே ஒரு பாதிரியாரோட மனைவி, கணவரை இழந்தவர். பிராம்லியில் அம்மாவோட இருந்து, அம்மா போன பிறகு வீடில்லாம நின்ன மகள்களுக்காக 1840-ல் பக்கத்துலயே 'ஷெப்பர்ட்ஸ் காலேஜ்' கட்டவெச்சார். மொத்தம் அஞ்சே வீடு.

இந்த எபிசோட்ல நான் சொல்ல வந்த விஷயம் இந்த அஞ்சு வீட்டுல இருக்கு. ஒரு வீடு ஒரு ஆளோட ஒட்டியிருந்தா, அந்த ஆள் போனதும் வீடும் போகும். கணவரோட ஒட்டின வீடு கணவரோட போச்சு. அம்மாவோட ஒட்டின வீடு அம்மாவோட போச்சு. தர்மம் ஒவ்வொரு தடவையும் அடுத்த ஆளுக்கு ஒரு புது வீடு கட்டிக்கிட்டே இருக்கணும். அந்தப் பெண்ணோட பேர்லயே ஒரு உரிமையோ, அவ கையில ஒரு வருமானமோ வர்ற வரைக்கும் இது நிக்காது.

மெரினா ஓரத்துல ஒரு வீடு

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். பாதிரியார் மனைவிகளுக்குக் கட்டின வீட்டுக்கு நெருக்கமா நம்மகிட்ட இருக்கிற கதை, ஐஸ் ஹவுஸ். அங்கயும் ஒரு புரோகித சமூகத்துப் பெண்கள், கணவர் போனதும் இடமில்லாம ஆனவங்க.

ஆர்.எஸ். சுப்பலட்சுமி, 1886-ல் மயிலாப்பூரில் பிறந்தவர். 11 வயசுல கல்யாணம், சீக்கிரமே கணவர் இறந்துட்டார். அந்தக் காலத்து பிராமணக் குடும்பங்கள்ல இப்படி ஆன பொண்ணுக்குத் தலையை மழிச்சு, வெள்ளை இல்லன்னா காவிப் புடவை கட்டி, விசேஷத்துல கண்ணுல படாம மூலையில உக்காரவெப்பாங்க. கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு கிடையாது, சாப்பாடும் துணியும் கேக்கற உரிமைதான். சுப்பலட்சுமியோட அப்பா அம்மா அதுக்கு ஒத்துக்கல. மகளைப் படிக்கவெச்சாங்க. 1911-ல் பிரசிடென்சி காலேஜில் பி.ஏ. முடிச்சார். மெட்ராஸ் மாகாணத்தில் பட்டம் வாங்கின முதல் இந்துப் பெண் அவர்தான்.

1912 வாக்கில் எழும்பூரில் அப்பாவோட வீட்டிலேயே நாலு பொண்ணுங்களோட ஒரு இல்லம் ஆரம்பிச்சார். எல்லாரும் சின்ன வயசுல கணவரை இழந்தவங்க. கூட நின்னது அவரோட சித்தி வாலாம்பாள். அவங்களும் கைம்பெண். பெண் பள்ளிகளுக்கான அரசு ஆய்வாளரா இருந்த ஐரிஷ்காரப் பெண்மணி கிறிஸ்டினா லிஞ்ச் அரசு உதவிக்கு வழி பண்ணார்.

பொண்ணுங்க எண்ணிக்கை கூடக்கூடப் பெரிய வீடு தேவைப்பட்டது. கைம்பெண் எதிர்ல வந்தாலே சகுனம் சரியில்லைன்னு சொன்ன காலம். ஒரு தெருவுல இத்தனை பேருக்கு வீடு கிடைக்குமா? கடைசியா அமைஞ்சது மெரினா ஓரத்துல யாருக்கும் தேவைப்படாம நின்ன ஒரு வட்டக் கட்டடம். 1840-களில் அமெரிக்காவிலிருந்து கப்பல்ல வந்த ஐஸ் கட்டியைச் சேமிக்க ஃப்ரெடரிக் டியூடர் கட்டினது. இங்கயே ஐஸ் தயாரிக்க ஆரம்பிச்சதும் அந்த வியாபாரம் படுத்துடுச்சு. அப்புறம் வக்கீல் பிலிகிரி ஐயங்கார் வாங்கினார். 1897-ல் விவேகானந்தர் அங்க தங்கினார். 1917-ல் அரசு வாங்கிச்சு. அந்தக் கட்டடம்தான் பிராமணக் கைம்பெண்கள் இல்லமாச்சு. இன்னைக்கு அதுக்குப் பேர் விவேகானந்தர் இல்லம். ஆனா பஸ்ல டிக்கெட் வாங்கறவங்களுக்கு இன்னமும் ஐஸ் ஹவுஸ்தான்.

பிராம்லிக்கும் இதுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. பிராம்லி, மிச்ச வாழ்நாளைக் கௌரவமாக் கழிக்க ஒரு இடம். ஐஸ் ஹவுஸ், படிச்சு முடிச்சு வெளியே போறதுக்கு ஒரு இடம். பொண்ணுங்க ஸ்கூல் போனாங்க. பக்கத்துலயே 1914-ல் ராணி மேரி கல்லூரி வந்திருந்தது. 1922-ல் லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியும் வந்தது. டீச்சரா, நர்ஸா, டாக்டரா ஆனவங்க உண்டு. மூலையில உக்காந்திருந்த பொண்ணு சொந்தச் சம்பளத்துல வீடு எடுக்க முடியும்ங்கற நிலைக்கு வந்தா. ஐஸ் ஹவுஸ் சின்ன வயசுப் பொண்ணுங்களுக்கான இடம்ங்கறதால, வயசு கூடின கைம்பெண்களுக்குன்னு 1927-ல் சாரதா வித்யாலயா வந்தது.

இதுக்கும் ஒரு விலை இருந்தது. பெத்தவங்க நம்பி அனுப்பணும்ங்கறதுக்காக ஆசாரம் கறாரா இருந்தது. மறுமணம் பத்தி இல்லம் பேசல. முக்கியமா, அரசுப் பணத்துல நடந்தாலும் பிராமணப் பெண்களுக்கு மட்டும்தான் இடம். கணவரை இழந்த மத்த சாதிப் பெண்கள் என்ன பண்றதுங்கற கேள்வி அந்தக் கட்டடத்துக்கு வெளியிலயே நின்னுடுச்சு. பிராம்லியில் சரியான திருச்சபை, இங்க சரியான சாதி. ரெண்டு வாசல்லயும் ஒரு காவலாளி.

காவலாளி இல்லாத சுவர்

இப்பத்தான் குத்தம்பாக்கம் வருது. இந்த ஊர்ல ஒரு சமத்துவபுரம் இருக்கு. பெரியார் நினைவு சமத்துவபுரம்ங்கறது தமிழக அரசுத் திட்டம். முதல் சமத்துவபுரம் 1998-ல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறந்தாங்க. 100 வீடு, அதுல 40 பட்டியலினக் குடும்பங்களுக்கு, மீதி மத்த சமூகங்களுக்கு. குத்தம்பாக்கத்துல அப்ப ஊராட்சித் தலைவரா இருந்தவர் இளங்கோ ரங்கசாமி. இங்க வீடுகளை இரட்டை வீடாக் கட்டினாங்க. மொத்தம் 50 ஜோடி. ஒரு பக்கம் தலித் குடும்பம், இன்னொரு பக்கம் வேற சாதிக் குடும்பம், நடுவுல பொதுச் சுவர். இந்த ஊர் மண்ணை அழுத்தித் தயாரிச்ச கல்லைப் பயன்படுத்தினாங்க.

இது கைம்பெண் இல்லம் கிடையாது, தெரியும். ஆனா முதல் ரெண்டு இடத்துலயும் யாரை வெளியே வெக்கணும்னு ஒரு விதி இருந்தது. இங்க யாரோட யார் பக்கத்துல இருக்கணும்ங்கறதுதான் விதி. வீடு கொடுக்கிறவங்க போடற நிபந்தனை ஒரு சமூகத்தைப் பிரிக்கவும் செய்யும், சேர்க்கவும் செய்யும். அதை ரெண்டு நிமிஷத்துல புரிஞ்சுக்க இந்த ஊர்ச் சுவரைப் பாத்தாப் போதும்.

தர்மத்திலிருந்து உரிமைக்கு

சரி, இப்ப நிலைமை என்ன? நிறைய மாறியிருக்கு. 1937-ல் வந்த சட்டம் இந்துக் கைம்பெண்ணுக்குக் கணவர் சொத்தில் வாழ்நாள் வரைக்கும் அனுபவிக்கிற பங்கு கொடுத்தது. 1956 சட்டம் அதை முழு உரிமையாக்கிச்சு. 1989-ல் தமிழ்நாடு, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்குன்னு திருத்தம் கொண்டுவந்தது. நாடு முழுக்க அது 2005-ல்தான் வந்தது. 1975-லேர்ந்து ஆதரவற்ற கைம்பெண்களுக்கு மாச உதவித்தொகை இருக்கு. 2023-ல் அதை 1,200 ரூபாயாக்கினாங்க. சென்னைல ஒரு ரூமுக்கு அது பத்தாது. ஆனாலும் இந்தத் தொகையை வாங்க, செத்துப்போன கணவர் யாருக்கு விசுவாசமா இருந்தார்னு யாரும் கேக்கறதில்லை. பிரதமர் வீட்டுவசதித் திட்டத்துல வீட்டைக் குடும்பத் தலைவி பேர்லயோ, கணவன் மனைவி ரெண்டு பேர் பேர்லயோதான் பொதுவாப் பதியணும்.

சட்டம் ஒரு பக்கம். நம்ம வீட்டு பீரோ இன்னொரு பக்கம். அதனால கேக்கறவங்களுக்கு நாலு விஷயம்.

ஒண்ணு, உங்க வீட்டுப் பத்திரமும் பட்டாவும் யார் பேர்ல இருக்குன்னு பாருங்க. அப்பா பேர்ல மட்டும்தான்னா, அம்மா பேரையும் சேர்க்கிறது பத்தியோ உயில் எழுதறது பத்தியோ இப்பவே பேசுங்க.

ரெண்டு, பேங்க்ல 'நாமினி'ன்னு பேர் இருந்தா அவங்கதான் உரிமையாளர்னு அர்த்தம் இல்லை. நாமினி பணத்தை வாங்கி, சட்டப்படியான வாரிசுகளுக்குச் சேர்க்க வேண்டியவர்.

மூணு, உயில் இல்லாம ஒரு இந்து ஆண் இறந்தா அவர் சொத்து மனைவி, மகன், மகள், அவரோட அம்மா எல்லாருக்கும் சமமாப் பிரியும். கிறிஸ்தவக் குடும்பத்துல பிள்ளைகள் இருந்தா மனைவிக்கு மூணுல ஒரு பங்கு. முஸ்லிம் குடும்பத்துல பிள்ளைகள் இருந்தா எட்டுல ஒரு பங்கு. "எல்லாம் அம்மாவுக்குத்தான் வரும்"ங்கறது பல வீட்டுல வெறும் நம்பிக்கை.

நாலு, குவார்ட்டர்ஸ்ல இருக்கிற குடும்பமா? வேலை போற அன்னைக்கு வீடும் போகும்ங்கறதை மனசுல வெச்சு, எங்க போவோம்னு முன்னாடியே ஒரு திட்டம் வேணும்.

பிராம்லி காலேஜ் இன்னமும் நிக்குது. இப்ப ஓய்வு பெற்ற பாதிரியார்களும் அங்க குடியிருக்காங்க. அந்த முற்றத்துல இருந்தவங்க நல்ல மனுஷங்களோட தயவுல பிழைச்சாங்க, அதைக் குறைச்சுச் சொல்ல வேண்டாம். ஆனா தயவு உயில்ல ஒரு வரியா வருது, அந்த வரியோட ஒரு நிபந்தனையும் வருது. பத்திரத்துல உங்க அம்மா பேர் இருந்தா அவங்க யாருக்கும் நன்றி சொல்லிக்கிட்டு இருக்க வேண்டியதில்லை.

இந்த ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் அந்த பீரோவைத் திறங்க. என்ன கண்டுபிடிச்சீங்கன்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த வாரம் பாப்போம்.